குண்டு வேகம் சொல்லும் மரக்கட்டை

பீச்சில் பலூன் சுடும் ஏர் கன்னின் குண்டு கண்ணுக்கே தெரியாமல் பாய்கிறது. விசேஷக் கருவி இல்லாமல் அதன் வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

1742-லேயே வழி சொன்னவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ். 1751-ல் நம் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானவர்! தொங்கும் கட்டையில் துப்பாக்கியால் சுட்டு, அது எவ்வளவு ஆடியது என்று நாடாவால் அளந்தார்.

ஏர் கன்னுக்கும் அதே கணக்குதான். 1 மீட்டர் கயிற்றில் தொங்கும் அரை கிலோ மரக்கட்டைக்குள் அரை கிராம் குண்டு புதைந்து, கட்டை 5 செ.மீ. நகர்ந்தால், ஊசல் கணக்குப்படி கட்டை கிளம்பிய வேகம் நொடிக்குச் சுமார் 16 செ.மீ. கட்டை 1,000 மடங்கு கனம்; எனவே குண்டின் வேகமும் 1,000 மடங்கு. நொடிக்குச் சுமார் 160 மீட்டர்! மணிக்கு 500 கி.மீ.க்கும் மேல்.

பலூன் துப்பாக்கிதானே என்று விளையாட்டுக்குக்கூட யார் பக்கமும் நீட்டாதீர்கள், கண்ணே போய்விடும்!