வலை பின்னிய கதை – 23: சாவடியில் நிற்கும் வேகம்

போன மாதம் என் அக்கா வீட்டில் 40 எம்பிபிஎஸ் இணைப்பை 200 ஆக மாற்றினார்கள். வேகத்தைச் சோதித்தால் காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. "ஏன்டா, இருநூறுன்னு சொல்லித்தானே காசு வாங்கினாங்க?" என்று போனில் கேட்டார் அக்கா. ஏமாந்துவிட்டோம் என்றே முடிவு கட்டியிருந்தார்.

அந்த எண்ணிலேயே காரணம் இருக்கிறது. நெரிசலால் குறையும் வேகம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும். ஆணி அடித்தாற்போல 94-ல் நின்றால், நடுவில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியில் 1,538 பைட் இடத்தை அடைக்கும் ஒரு முழு பாக்கெட்டில் நமக்கு வேண்டிய தகவல் 1,448 பைட்தான். மீதி முகவரிக்கும் சரிபார்ப்புக்கும் இடைவெளிக்கும் போய்விடும். நூற்றுக்கு 94 என்பது அந்தக் கணக்கு. அக்கா வீட்டுப் பழைய ரூட்டரைத் திருப்பிப் பார்த்தேன். போர்ட்டுக்கு மேலே பொடி எழுத்தில் 10/100 என்று இருந்தது.

ரூட்டரை மாற்றிய பிறகும் 94 வந்தால் கேபிளைப் பார்க்க வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். அதற்கு அடுத்த படியான கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும், பல சமயம் இரண்டு முனைகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

இதுவரை சொன்னது வெளியே தெரிகிற வரம்பு. பெட்டிக்குள் இன்னொன்று இருக்கிறது. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் உட்கார்ந்த பேருந்துக்கும், ஒருவர் மட்டும் ஓட்டிவரும் காருக்கும் சாவடியில் ஆகிற நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரூட்டரும் அப்படியே. பாக்கெட் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றின் முகவரியையும் படித்து எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரு கிகாபிட் இணைப்பு பெரிய பாக்கெட்டுகளால் நிரம்பினால் நொடிக்குச் சுமார் 81,000 முடிவுகள். மிகச் சிறிய பாக்கெட்டுகளால் நிரம்பினால் 14.88 லட்சம். கம்பி அதே கம்பிதான். வேலை மட்டும் பதினெட்டு மடங்கு. அட்டைப்பெட்டியில் அச்சிடும் வேகம் வழக்கமாக முதல் கணக்கைச் சேர்ந்தது. இரண்டாவதைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. அச்சிட வேண்டும் என்பேன்.

இந்த வேலையை வேகமாக முடிக்கப் பல ரூட்டர்களுக்குள் தனிச் சிப் உண்டு. குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, ஆளுக்கு இவ்வளவு வேகம் என்ற பங்கீடு போன்றவற்றைப் போட்டால், பல வீட்டு ரூட்டர்களில் அந்தச் சிப் ஒதுங்கிக்கொள்ளும். பொது பிராசசர் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கும். வேகம் சரிந்துவிடும்.

இதே சரிவு ஒருமுறை உலக அளவில் நடந்தது. 2014 ஆகஸ்ட் 12. இணையத்தின் முதுகெலும்பில் இருக்கும் ரூட்டர்கள், உலகின் எந்த முகவரித் தொகுதிக்கு எந்த வழி என்ற முழுப் பட்டியலையும் வைத்திருக்கின்றன. அப்போது அது ஐந்து லட்சம் வரிகளைத் தொட்டிருந்தது. சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் 6500, 7600 வகைப் பெட்டிகள் பலவற்றில், அந்தப் பட்டியலை வைக்கும் அதிவேக நினைவகத்தில் ஐபிவி4 வகை முகவரிகளுக்கு ஒதுக்கிய இடம் 512கே, அதாவது 5,24,288 வரிகள். அன்று அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்தின் வலையமைப்பு, வழக்கமாகப் பெரிய தொகுதிகளாக அறிவிக்கும் முகவரிகளைச் சிறு துண்டுகளாக உடைத்து அறிவித்துவிட்டது. சுமார் 15,000 வரிகள் ஒரேயடியாகக் கூடின. ஒவ்வொரு நிறுவனத்தின் உள்வழிகளும் அதே இடத்தில்தான் இருந்தன. இரண்டும் சேர்ந்து பல ரூட்டர்களில் எல்லை உடைந்தது. இடம் கிடைக்காத வரிகளுக்கான பாக்கெட்டுகள் பிராசசரின் தலையில் விழுந்தன. பல நாடுகளில் தளங்கள் இழுத்தன. சில எட்டவே இல்லை. கம்பிகளில் தாராளமாக இடம் இருந்தது. ஒரு பிட் அகலம்கூடக் குறையவில்லை.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அதே ஆண்டு மே மாதமே சிஸ்கோ எச்சரித்திருந்தது. மருந்தும் எளிது. அந்த நினைவகத்தின் பெரும்பங்கை ஐபிவி4-க்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு வரிக் கட்டளை, பிறகு ஒரு ரீஸ்டார்ட். ஆயிரக்கணக்கானவர்களின் இணைப்பு ஓடும் பெட்டியைச் சில நிமிடம் அணைக்கப் பலருக்கு மனம் வரவில்லை. அணைக்காமல் விட்டதற்கு அன்று பல மணி நேரம் தவித்தார்கள். சிலர் எல்லையை 768கே என்று தள்ளிவைத்துச் சமாளித்தார்கள். 2019-ல் அந்தக் கோடும் நெருங்கியது. முன்பே தயாராகியிருந்ததால் பெரிய சேதம் இல்லை. பட்டியல் பிறகு ஒன்பது லட்சத்தையும் தாண்டி வளர்ந்தது.

அக்கா வீட்டில் கிகாபிட் ரூட்டர் வைத்தாயிற்று; 190-க்கு மேல் வருகிறது. நீங்களும் பிளானை மாற்றுவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். புது ரூட்டர் வாங்கப் போனால், கடைக்காரரிடம் போர்ட்டின் வேகத்தைக் கேளுங்கள். கட்டுப்பாடுகளைப் போட்ட பிறகு எவ்வளவு வேகம் நிற்கும் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

(தொடரும்)