செடியின் புரதத்தைக் கொண்டே பெருகும் வைரஸ்

புகையிலை இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்து திட்டுத்திட்டாகத் தோன்றும் நோய்க்குத் தேமல் நோய் என்று பெயர். இதற்கு எந்த மருந்தைத் தெளிப்பது என்று விவசாயிகள் கேட்பது இயல்பே. பூச்சிக்கும் பூஞ்சாணத்துக்கும் மருந்துகள் உண்டு. ஆனால், வைரஸ் புகுந்த செடியை வயலில் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதற்குரிய காரணம், வைரஸ் பெருகும் முறையிலேயே அடங்கியிருக்கிறது.

1892-ல் ரஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் சாற்றைப் பாக்டீரியாக்கள் கடக்க இயலாத வடிகட்டியில் வடித்த பின்னரும் அது நோயை உண்டாக்கக் கண்டார். 1898-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜரிங்க், உயிருள்ள செடியில் மட்டுமே இது பெருகும் என்று எடுத்துக்காட்டினார். 1935-ல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்.

இவ்வைரஸ் ஒரு நுண்ணிய கோல் போன்றது. சுமார் 2,130 ஒரேவிதமான புரதத் துண்டுகள் அதன் உறையாக அமைய, உள்ளே ஆர்.என்.ஏ. இழை ஒன்று சுருண்டிருக்கிறது. அவ்விழை தாங்கியுள்ள செய்தி முக்கியமாக நான்கு புரதங்களுக்கே போதுமானது. செடியின் உயிரணுவோ பல்லாயிரம் வகைப் புரதங்களை ஆக்கவல்லது. எனவே, தன்னிடம் இல்லாதவற்றை வைரஸ் செடியிடமிருந்தே பெற்றுக்கொள்கிறது.

இலையிலுள்ள நுண்ணிய காயத்தின் வழியே வைரஸ் உயிரணுவினுள் நுழைந்ததும், உறை நெகிழ்ந்து இழை வெளிப்படுகிறது. செடிக்குப் புரதம் ஆக்கும் ரைபோசோம்கள், இவ்விழையின் செய்தியையும் படித்து வைரஸின் புரதங்களை ஆக்கித் தருகின்றன. அவற்றுள் இரண்டு, இழையைப் படியெடுக்கும் பணிக்குரியவை. ஆயினும் அவை பணிசெய்ய உயிரணுவின் உட்படலம் ஒன்றில் நிலைகொள்ள வேண்டும். அப்படலத்தில் இயல்பாகவே உள்ள 'டாம்-1' என்னும் செடிப் புரதம் அவற்றைப் பற்றி நிறுத்துகிறது. அங்கே முதலில் எதிர்ப்படியும், அதைக் கொண்டு பல நேர்ப்படிகளும் உருவாகின்றன.

இவ்வுண்மையை உணர்த்தியது அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடி. 1991-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், புகையிலைத் தேமல் வைரஸின் ஒரு வகை நன்கு பெருக இயலாத அராபிடாப்சிஸ் செடியைப் பிரித்தெடுத்தனர். அதில் பழுதுற்றிருந்த டாம்-1 மரபணு எது என்பது 2000-ல் தெளிவாயிற்று.

மிளகாயைத் தாக்கும் உருளைக்கிழங்கு ஒய் வைரஸ் வேறு இனத்தது. அது நாடுவதும் வேறொரு செடிப் புரதம். ரைபோசோம் செய்தியைப் படிக்கத் தொடங்குவதற்குத் துணைபுரியும் அப்புரதத்தை, வைரஸ் இழையின் முனையில் ஒட்டியுள்ள சிறுபுரதம் பற்றிக்கொள்கிறது. சில மிளகாய் இரகங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த எதிர்ப்புத்திறன், இச்செடிப் புரதத்தில் அமைந்த சிறு மாறுதல்களின் விளைவே என்பது 2002-ல் அறியப்பட்டது. தாய், தந்தை இருவழியிலும் மாறிய மரபணு வந்தாலன்றி இவ்வெதிர்ப்பு வெளிப்படாது. ஒரு வழியில் பழைய புரதம் கிடைத்தாலும் வைரஸுக்கு அது போதும்.

தக்காளியில் டாம்-1 போன்ற மரபணுக்கள் நான்கு உள்ளன. அந்நான்கையும் செயலிழக்கச் செய்த செடிகளில், தக்காளிக் கனியைப் பழுப்பாக்கிச் சுருக்கும் வைரஸ் தென்படவில்லை என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 2022-ல் தெரிவித்தனர். செடியின் வளர்ச்சியிலும் காய்ப்பிலும் குறை காணப்படவில்லை. எல்லாப் புரதங்களையும் இவ்வாறு நீக்கிவிட இயலாது. செடியின் வாழ்வுக்கே இன்றியமையாதவை பல. மேலும் வைரஸும் மாறவல்லது. மிளகாயின் எதிர்ப்பை வென்ற வைரஸ் வகைகள் ஏற்கெனவே காணப்பட்டுள்ளன.

ஆகவே, எதிர்ப்புத்திறனுள்ள இரகத்தை நட்டாலும் கண்காணிப்புத் தளரலாகாது. புகையிலைத் தேமல் வைரஸ் தொடுதலால் பரவுவது. நோயுற்ற செடிகளை நாற்றங்கால் பருவத்திலேயே வேருடன் களைந்து அகற்றுவதும், கைகளையும் கருவிகளையும் சோப்பு நீரால் கழுவுவதும், செடிகளைக் கையாளும்போது புகையிலையையும் பீடியையும் தவிர்ப்பதும் நற்பயன் தரும். மிளகாய் வைரஸைப் பரப்புவது அசுவினி. ஆதலால் நாற்றங்காலை அசுவினி அணுகாதவாறு வலையிட்டுக் காப்பது நன்று. செடிக்குள் புகுந்தபின் வைரஸையும் செடியையும் பிரித்தல் அரிது. புகுமுன் தடுப்பதும், புகுந்தாலும் இடங்கொடாத விதையைத் தேர்வதுமே விவசாயிக்கு உறுதியான வழிகளாம்.