105 போதுமா, அல்டெக்ரா வேணுமா?

லண்டனில் நம்ம ஊர் நண்பர்கள் ரோடு பைக் வாங்கக் கிளம்பினால் முதலில் கேட்பது இதைத்தான். வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் 'சைக்கிள் டு ஒர்க்' திட்டம் வேறு இருக்கிறதா, 'இன்னும் கொஞ்சம் போட்டு மேல் மாடலே எடுத்துடலாமே' என்று ஆசை வரும். என் பதில்: தேவையில்லை.

கியர் லீவர், கிராங்க், செயின், பிரேக், செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டிரெய்லியர் எல்லாம் சேர்ந்ததுதான் குரூப்செட். ஷிமானோவில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்று படி ஏறும். கேபிளில் இயங்கும் 11 கியர் தலைமுறையில் 105-க்கும் அல்டெக்ராவுக்கும் எடை வித்தியாசம் சுமார் 200 கிராம். ஒரு தண்ணீர் பாட்டிலில் பாதி கூட இல்லை! லோகோவை மறைத்துவிட்டால் கியர் மாறும் உணர்வை வைத்து எது எதுன்னு சொல்வது எனக்கே கஷ்டம்.

ஸ்ராம் கேபிள் மாடல்களில் பழக்கம்தான் வேறு. ஒரே லீவரை லேசாகத் தட்டினால் ஒரு பக்கம், ஆழமாகத் தள்ளினால் மறுபக்கம். இத்தாலியின் கம்பாக்னோலோவில் கட்டைவிரலுக்கும் வேலை உண்டு. எது கைக்குச் சரியாக வருகிறது என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

விலை கூடினால் ஆயுளும் கூடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒட்டிச் செய்த கிராங்க் பிரியும் அபாயம் இருப்பதால், 2023-ல் ஷிமானோ பரிசோதனைக்குக் கேட்டது 2019 ஜூலைக்கு முன் தயாரான அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்க்களைத்தான். 105 அந்தப் பட்டியலில் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்கணும்.

ஆயுளைத் தீர்மானிப்பது பராமரிப்பு. இங்கே குளிர்காலத்தில் மழையோடு சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து செயினைத் தின்றுவிடும். சில பவுண்டுக்குக் கிடைக்கும் செயின் அளவி 0.5 சதவீதத் தேய்மானம் காட்டினால் உடனே மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் கேசட்டும் சேர்ந்து தேயும், செலவு ரெட்டிப்பு. 11 கியர் ஷிமானோ லீவருக்குள் கேபிள் கூர்மையாக வளைவதால் இழை இழையாகப் பிரியும். அறுந்து உள்ளே சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. தினமும் ஓட்டுபவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

2022-ல் 105-க்கும் மின்சார கியர் வந்துவிட்டது. துல்லியம் அருமை, கேபிள் தொல்லையும் இல்லை. ஆனால் விழுந்து டிரெய்லியர் உடைந்தால் பில் கனமாக இருக்கும்.

ஆபீஸ் போக, வார இறுதியில் நூறு கிலோமீட்டர் ஓட்ட 105 தாராளம். பட்ஜெட் இடித்தால் டியாக்ராவும் குறைச்சல் இல்லை. மிச்சப் பணத்தில் நல்ல டயர், மட்கார்டு, விளக்கு வாங்குங்கள். நவம்பர் மாலை இருட்டில் அதுதான் உதவும்.