மலையகப் பாதைகள் – 11: தெல்தோட்டையில் காரின் தேவை

பேராதனையின் கலஹா சந்தியில் கண்டி வீதியை விட்டுப் பிரிந்து, பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாக ஏறி, கலஹாவைக் கடந்து தெல்தோட்டையை அடையும் வீதி, மலைநாட்டின் பல வீதிகளைப் போலவே, முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் உருப்பெற்ற பாதைகளின் வழிவந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில்தான் தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஆயினும் பின்னர் நீண்ட மலைநாட்டு ரயில் பாதை கம்பளை, நாவலப்பிட்டி வழியாகச் சென்றுவிட்டதால், தேயிலை பிறந்த இப்பகுதிக்கு ரயில் வரவேயில்லை. 1892இல் டெய்லர் இறந்தபோது அவரது உடலைத் தோட்டத் தொழிலாளர்களே தோள் மாற்றித் தோள் சுமந்து கண்டி மகியாவை மயானம் வரை கொண்டுசென்றனர்.

ரயில் இல்லாத ஊருக்குப் பஸ்ஸே துணை. 1958இல் பஸ் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. இன்று அச்சபையின் பஸ்களும் தனியார் பஸ்களும் இவ்வீதியில் ஓடுகின்றன. பேராதனை ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், கண்டிக் கடைத்தெரு ஆகிய மூன்றும் ஒரே வழித்தடத்தில் அமைந்திருப்பதால், பிரதான வீதியோரத்தில் குடியிருப்பவருக்குப் பகல் வேளையில் கார் ஓர் இன்றியமையாப் பொருள் என்று கூற இடமில்லை.

உண்மையான இடர்ப்பாடு பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் தொடங்குகிறது. பிரதான வீதியிலிருந்து லயங்களுக்கும், அதாவது தொழிலாளர் வசிக்கும் தொடர்வீடுகளுக்கும், தேயிலைத் தொழிற்சாலைக்கும் செல்வது தோட்டப் பாதை. அது தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. தார் பெயர்ந்து கருங்கல் துருத்தி நிற்கும் இத்தகைய பாதைகளில் தாழ்ந்த அடிப்பாகம் கொண்ட சிறிய காரை ஓட்டினால் கொண்டை ஊசி வளைவுகளில் அடி இடிக்கும். லயத்து முற்றத்தில் நிறுத்தவும் இடம் இராது. ஆகவே கார் வாங்கியவரும் அதை வீதியோரக் கடையருகே விட்டுவிட்டு, எஞ்சிய ஏற்றத்தை நடந்தே கடக்க நேர்கிறது. எங்கு தேவை மிகுதியோ அங்கேயே கார் பயன்படாமற் போகிறது என்பதைக் காரின் அவசியம் பற்றிய பொதுப் பேச்சுகள் கணக்கில் எடுப்பதில்லை.

அவ்விடத்தை நிரப்புவது ஆட்டோ. அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் பிரசவ வலி கண்ட பெண்ணும் அதிலேயே ஏறி இறங்குகின்றனர். ஒரு பயணத்துக்கென வண்டியை முழுமையாக அமர்த்துவதை மலையகத்தில் ‘ஹயர்’ என்பர். இரவில் ஹயர் போகும் சாரதி வெறும் வண்டியோடு திரும்ப வேண்டியிருப்பதால், திரும்பும் தூரத்துக்கும் சேர்த்தே பணம் கேட்கிறார். அது நியாயமான கணக்கே எனினும், நாட்கூலிக் குடும்பத்துக்குப் பாரமான கணக்கு. 1990 என்ற இலக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை இப்பாரத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆனால் நோயாளியின் வாசல்வரை வருவதற்கு அதுவும் அதே பாதையில்தான் ஏற வேண்டும்.

சொந்த வாகனம் தரும் உறுதி எவ்வளவு நொய்மையானது என்பதை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜூனில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவை எட்டியபோது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. ஒரு நாள் உழைப்புக்கு ஈடானது ஏறத்தாழ இரண்டு லீற்றர். பின்னர் கியூஆர் குறியீட்டின் மூலம் பங்கிடப்பட்டபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரும் ஆட்டோவுக்குத் தொடக்கத்தில் 5 லீற்றருமே கிடைத்தன. ஒரு குடும்பத்துக்கு ஓடும் காரைவிட ஒரு லயத்துக்கே ஓடும் ஆட்டோவுக்குக் குறைவாக ஒதுக்கியது, வண்டியின் பருமனைப் பார்த்து அதனால் பயன்பெறுவோரின் தொகையைப் பாராத பங்கீடு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியதால், கார் போக்குவரத்துச் சாதனம் என்ற நிலையிலிருந்து நகைபோலச் சேமிப்புப் பொருளாகவும் மாறியது.

தெல்தோட்டைக்குத் தேவை வீட்டுக்கொரு கார் அன்று; செப்பனிட்ட தோட்டப் பாதையும், இருட்டிய பின்னரும் நம்பி நிற்கத்தக்க பஸ்ஸுமே. இவற்றுள் முதலாவதற்குச் சட்டமே நெடுங்காலம் தடையாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்காகச் சபை நிதியைச் செலவிட இடங்கொடாத வகையில் பொருள்கொள்ளப்பட்டது. அதனால் தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுத்த சபையே அவர்களுடைய பாதையில் ஒரு கல்லையும் போட முடியாதிருந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டு வழி திறக்கப்பட்டது. ஆனால் சபைகளின் வருமானம் சிறிது. தோட்டப் பாதைகளோ நீளமானவை, மழைதோறும் மண்சரிவுக்கு உள்ளாகுபவை. அவற்றைப் பொறுப்பேற்பதற்கு மத்திய அரசும் மாகாண சபையும் தனி நிதி ஒதுக்காதவரை, சட்டத் திருத்தத்தின் பயன் லயத்து வாசலை எட்டாது. அந்நிதி எவ்வழிகளில் திரட்டப்படலாம் என்பது அடுத்த வாரம் ஆராயப்படும்.

(தொடரும்)