மரமுந்திரிகையா, மாதுளையா?

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் இரவு, கனடாவிலிருந்து என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். எங்கள் தந்தையார் அவன் பெயருக்கு எழுதிவைத்த நான்கு பரப்புக் காணி, தென்மராட்சியில் எங்கள் வீட்டுக்கு அரை மைல் தொலைவிலே வெறுமையாய்க் கிடக்கிறது. வேலி அடைத்தாயிற்று; கிணறும் இறைத்துத் துப்புரவாக்கியாயிற்று. இனி அதிலே பயன்தரும் மரமாக ஏதாவது நட்டுவிடவேண்டும் என்பது அவன் வேண்டுகோள். "மாதுளை நடு" என்றார் அம்மா. மரமுந்திரிகையே தக்கது என்றேன் நான். இந்த வழக்கு எங்கள் வீட்டில் ஒரு மாத காலம் நடந்தது. அதில் இரு பக்கத்தும் எழுந்த நியாயங்கள், வளவிலே ஒரு மூலை மிச்சமாக வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும் வேறு சிலருக்கும் உதவக்கூடும்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். தமிழ் கற்பிப்பவனுக்கு அது பழக்கதோஷம். முந்திரிகை என்றால் யாழ்ப்பாணத்தார் கொடியிற் காய்க்கும் திராட்சையையே இன்றும் கருதுவர். பின்னர் வந்து சேர்ந்த மரத்துக்கு, வேறுபாடு தெரிய, 'மர' என்னும் அடையைச் சேர்த்தனர். தமிழகத்தில் அந்த அடை உதிர்ந்துபோக, முந்திரி என்ற பெயர் பருப்புக்கே உரியதாகிவிட்டது. மலையாளத்திலே இதற்குப் பறங்கிமாவு என்று பெயர். வந்த வழியை அப்பெயர் சிறிதும் மறைக்கவில்லை. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியிலே பிறந்த இம்மரத்தை 16ஆம் நூற்றாண்டிலே கீழைத் தேசங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். கஜு என்று நாம் சொல்வதும் பிரேசிற் பழங்குடியினரின் சொல் போர்த்துக்கேயர் வாய்வழியாக வந்ததேயாம்.

மாதுளை நமக்கு இவ்வளவு புதியவரவு அன்று. பாரசீகமும் அதன் அயல்நாடுகளும் அதன் தாயகம் என்பர். ஆயினும் மதுரைக்குப் புறத்தே ஆயர்பாடியிலே கண்ணகி கோவலனுக்குச் சமைத்த உணவுக்கென ஆய்ச்சியர் கொடுத்த காய்களுள் மாதுளங்காயும் ஒன்று எனச் சிலப்பதிகாரம் கூறுகிறது. இதனை அறியாமல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "பாத்தியே, கண்ணகியே சமைச்சிருக்கிறா" என்று அதனைத் தம் கட்சிக்குச் சாட்சியமாக்கிக்கொண்டார். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததை நான் நினைவூட்டவில்லை.

மரமுந்திரிகையின் பெருங்குணம், அது தரித்திர நிலத்தை வெறுக்காமை. மணற்பாங்கான நிலம், நீண்ட கோடை, உரம் காணாத மண் எதற்கும் அது சலிப்பதில்லை. முதலிரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் காட்டினாற் போதும். பின்னர் அதன் வேர்கள் தாமே நீரைத் தேடிக்கொள்ளும். மன்னார், புத்தளம், மட்டக்களப்புப் பகுதிகளில் இம்மரம் செழித்திருப்பதன் காரணம் இதுவே. 1973ஆம் ஆண்டிலே இதற்கென அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தையே நிறுவியது. ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணிலே, ஒரு முழம் தோண்டுமுன் சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும் வளவுகளில், இம்மரத்தை நடுவோர் ஏமாற்றமடைவர். அங்கே மாதுளைதான் முந்தும். சுண்ணாம்புத் தன்மையை அது நன்கு பொறுக்கும்.

கொட்டையை நடுவதாயின், நீரிலிட்டு அமிழ்வதையே எடுத்து, காம்பிருந்த பக்கம் மேலே வரும்படி இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றவேண்டும். அதன் ஆணிவேர் பிடுங்கி நடுவதைப் பொறுக்காது. ஒட்டுக்கன்று கிடைத்தால் மிக நன்று. இரண்டு மூன்று வருடத்திற் காய்க்கும்.

இனி அதன் குற்றங்கள். மரம் உயர்வதோடு நில்லாமற் பக்கமெல்லாம் பரவும். முப்பது அடிக்கு விரியும் கிளைகளுக்கு வேலி என்பது என்னவென்று தெரியாது. எல்லைவேலிக்கு அப்பால் விழுந்த பழம் யாருடையது என்ற கேள்வி யாழ்ப்பாணத்திலே எத்தனை உறவுகளை முறித்திருக்கிறது என்பதை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வேலியிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி நடுவது, மண்ணுக்காக அன்று, அயலவருக்காக.

அதைவிடப் பெரியது ஓட்டிலுள்ள எண்ணெய். பழம் என்று நாம் சொல்லுவது உண்மையிற் பருத்த காம்பு. அதன் நுனியிலே தொங்குகின்ற கொட்டையே மெய்யான கனி. அந்தக் கொட்டையின் இரு ஓடுகளுக்கும் நடுவே தோலை எரிக்கும் எண்ணெய் இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதாயிருக்கையில், மச்சான் ஒருவனோடு சேர்ந்து, காவோலையை மூட்டி ஓட்டுத்துண்டிலே கொட்டை சுட்டோம். வெடித்தது ஒன்று, எண்ணெய் என் மணிக்கட்டிலே தெறித்தது. பெரியவர்களுக்குத் தெரிந்தால் அடி விழுமென்று மூன்று நாள் சட்டைக் கைக்குள் மறைத்தேன். கொப்புளம் புண்ணாகிய பின்பே அம்மா கண்டார். அத்தழும்பு இன்றும் இருக்கிறது. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தும்போது மாணவர்கள் சிலர் அதனைக் கவனித்துக் கேட்பதுண்டு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இம்மரத்தை நடுவோர் இதனை மறத்தலாகாது. சுடும்போது எழும் புகையும் கண்ணுக்கும் தொண்டைக்கும் ஆகாது. பச்சைக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்துக் கறி சமைப்போரும் கையுறையின்றித் தொடக்கூடாது. கடையிலே ஒரு கிலோ பருப்பின் விலையைக் கேட்டு முகஞ்சுளிப்பவர்கள், அதனைப் பெற நாலைந்து கிலோ கொட்டையை ஒவ்வொன்றாக உடைத்த பெண்களின் விரல்களை ஒருமுறை பார்த்தால் நன்று.

பழமோ வீணாகிறது. தோடம்பழத்திலுள்ளதைப் போல நான்கைந்து மடங்கு உயிர்ச்சத்து சி அதிலுண்டு. ஆயினும் தொண்டையைக் கரகரக்கச் செய்யும் துவர்ப்பினாலும், வெள்ளைச் சட்டையிற் பட்டால் என்றைக்கும் போகாத கறையினாலும், அதனை யாரும் விரும்பி எடுப்பதில்லை. உப்பிட்டுத் தின்னும் பள்ளிப் பிள்ளைகளே அதற்கு உண்மையான நண்பர்கள்.

மாதுளைக்கு வருவோம். பத்தடி இடம் இருந்தாற் போதும். முதிர்ந்த கொப்பிலே ஒரு சாண் நீளத் தடியை வெட்டிச் சட்டியில் ஊன்றினால் வேர்விடும். மூன்றாம் வருடத்திற் காய் காணலாம். அடியிலிருந்து கிளம்பும் குருத்துக்களிலே மூன்று நான்கை மாத்திரம் விட்டு மற்றையவற்றை நறுக்கிவிடவேண்டும். பூவெல்லாம் உதிர்கின்றதே என்று கவலைப்படுவோர் பலர். மாதுளையில் இருவகைப் பூ உண்டு. மணிபோல அடி ஒடுங்கியது உதிர்ந்தே தீரும்; குடம்போல அடி பருத்ததே காயாகும்.

ஆனால் இச்செடி ஆளைக் கட்டிப்போடுவது. பூவிலிருந்து பழமாக ஐந்தாறு மாதம் செல்லும். அக்காலம் முழுவதும் தண்ணீர் ஒரே அளவாக வேண்டும். இரண்டு கிழமை காயவிட்டுப் பின் வாளி வாளியாக ஊற்றினாலும், கோடை முடிவிலே திடீரென மழை பெய்தாலும், பழம் வாய்பிளந்துவிடும். ஒருவகை வண்ணத்துப்பூச்சி பிஞ்சிலே முட்டையிட, அதன் புழு உள்ளே புகுந்து முத்துக்களைத் தின்றுவிடும். மருந்தடிப்பதிலும் மேலான வழி, காய் தேசிக்காயளவு வந்தவுடன் துணிப்பை கட்டிவிடுதல். அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைக்கும் பைகளிலே, எங்கள் கிணற்றடி மாதுளை ஆண்டுதோறும் இருபது முப்பது பழம் தருகிறது. பழத்தை உண்டபின் கோதையும் எறிவதில்லை. காயவைத்துப் போத்தலில் இட்டு, வயிற்றோட்டத்துக்கு அவித்துக் கொடுப்பார். வேர்ப்பட்டை நாடாப்புழுவை வெளியேற்றும் என்று பழைய வைத்திய நூல்கள் கூறும். அதிலுள்ள காரப்பொருளை 1878ஆம் ஆண்டிலே தான்ரே என்னும் பிரெஞ்சுக்காரர் பிரித்தெடுத்தார். அது நஞ்சு, வீட்டு வைத்தியத்துக்கு உரியதன்று.

எங்கள் வழக்குத் தீர்ந்தது இந்நியாயங்களால் அன்று, பழைய நினைவொன்றினால். 2000ஆம் ஆண்டு வைகாசியிலே தென்மராட்சி முழுவதும் போர்க்களமானபோது, கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியேறினோம். 2002இற் போர்நிறுத்தம் வந்தபின் திரும்பினோம். கூரை இல்லை; தென்னைகள் பல தலையற்று நின்றன. திறப்பு மாத்திரம் கையிலிருந்தது. கோடிப்புறத்து மரமுந்திரிகை மாத்திரம், யாரும் ஒரு வாளி நீர் ஊற்றாத அவ்விரண்டு கோடைகளையும் கடந்து, முன்னையினும் தழைத்து நின்றது. அதன் கீழே கொட்டைகள் பெறுக்குவாரின்றிக் குவிந்து, சில முளைத்துமிருந்தன. கிணற்றடி மாதுளை பட்டுப்போய்க் கிடந்தது. ஆயினும் அம்மா அதனை வெட்ட விடவில்லை. காய்ந்த கொப்புகளைத் தாமே நறுக்கிவிட்டு, கிணற்றிலிருந்து அள்ளிய முதல் வாளித் தண்ணீரை அதன் அடியில் ஊற்றினார். இருபது நாட்களில் அடியிலிருந்து சிவந்த துளிர் கிளம்பியது. இன்று நாங்கள் உண்பது அச்செடியின் பழமே.

அன்றைய கதையை அம்மாவே ஒரு மாலையில் எடுத்தார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "பூட்டின வளவுக்கு மாதுளை வேண்டாம், தம்பி. ஆர் தண்ணி விடுறது? உன்ரை மரத்தையே வை" என்றார். வென்றவன் நான், எனினும் அந்த வெற்றி அத்துணை இனிக்கவில்லை. பூட்டின வளவு என்று தம்பியின் காணியை அவர் சொன்னது அதுவே முதன்முறை.

ஐப்பசி மழைக்கென ஆறு ஒட்டுக்கன்றுகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்; இருபத்தைந்து அடி இடைவெளியிற் குழிகளும் வெட்டியாயிற்று. கொட்டையைப் பெறுக்கி இரண்டு மூன்று நாள் வெயிலிற் காயவைத்தால் மாதக்கணக்காகக் கெடாமலிருக்கும். உடைக்காமலே வியாபாரியிடம் கொடுத்துவிடலாம். தம்பிக்கு இதனைச் சொன்னபோது சரியென்றான். பின்னர், அம்மாவின் மாதுளையிலே ஒரு தடியைத் தனக்கென ஊன்றிவைக்க முடியுமா என்று கேட்டான். இப்போது கிணற்றடியில் ஒரு சட்டி இருக்கிறது. காலையும் மாலையும் அம்மா அதற்கு ஒரு செம்பு நீர் விடுகிறார். நேற்று இரண்டு இலை விட்டிருந்தது.