மதிலோரத்து மூலிகைகள்

கொழும்பு மாநகரில் பச்சிலை தேடிப் புறப்பட்டேன் என்றால் நகைப்பவர்களே மிகுதி. சீமெந்தும் தாருமாய் இறுகிக் கிடக்கும் இந்நகரிலே கீரை வேண்டுமாயின் சந்தைக்கல்லவா போகவேண்டும் என்பர். ஆயினும், வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே பார்வையைச் சற்றுத் தாழ்த்தி நடப்பவர்க்குக் காலடியிலேயே ஒரு வைத்தியசாலை விரிந்து கிடப்பது தெரியும்.

மதிலும் வீதியும் கூடும் வெடிப்பிலே குப்பைமேனி நிற்கும். பூஞ்சாடிகளில் அழையா விருந்தாளியாய் முளைப்பது கீழ்க்காய்நெல்லி. இலை வரிசையின் அடியிலே சின்னஞ்சிறு காய்களை ஒளித்து வைத்திருப்பதே அதற்குப் பெயர் தந்த அடையாளம். வெறும் வளவுகளிலே தேங்காய்ப்பூக்கீரை வெண்பஞ்சு போன்ற பூக்களோடு படர்ந்திருக்கும். வேலிக்கம்பியிலே முடக்கொத்தான் ஏறிக் காற்றடைத்த காய்களைத் தொங்கவிடும். நீர்க்குழாய் கசியும் இடங்களெல்லாம் வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் உரியவை. புகையிரதப் பாதைக்கு அப்பால், கடற்கரை மணலை அடம்பன்கொடி பிடித்து வைத்திருக்கும்.

இச்செடிகளை அறிந்தவர் நாம் மட்டுமல்லர். நம் வல்லாரையே சிங்கள மக்களின் கொட்டுகொல. நம் பொன்னாங்காணி அவர்களுக்கு முகுணுவென்ன. தேங்காய்ப்பூக்கீரையை அவர்கள் பொல்பலா என்பர். பொல் என்றால் தேங்காய், பலா என்றால் கீரை. குப்பைமேனியோ இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே பெயரோடு வாழ்கின்றது. நம் இலைக்கஞ்சிக்கு ஒப்பானதே அவர்கள் காலையில் அருந்தும் கொலகெந்த.

1996ஆம் ஆண்டு என் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து எம்மிடம் வந்து சேர்ந்தார். வளவும் வேலியும் கிணற்றடியும் அறிந்தவருக்கு எங்கள் மாடிவீடு சிறையாயிற்று. உணவும் செல்லவில்லை. வல்லாரைச் சம்பல் கண்டால் மனம் தேறுவார் என்றெண்ணி, காலி வீதியோரத்திலே நீர் கசிந்த ஓரிடத்தில் தழைத்திருந்த வல்லாரையைக் கைநிறையப் பிடுங்கிக்கொண்டு பெருமையுடன் வந்தேன்.

அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"எங்கை தம்பி பிடுங்கினனீ?"

"காலி வீதிக் கரையிலை, அம்மா."

"இது வல்லாரைதான். ஆனால் தின்கிற வல்லாரை இல்லை. ஊரிலை சுடலைக் கரையிலும் மருந்தடிச்ச வரம்பிலும் நாங்கள் கீரை ஆயிறதில்லை."

எனக்கு மனம் நொந்தது. பழைய காலத்து ஆசாரம் இது என்று உள்ளூரச் சினந்தேன். அவர் சொன்னது ஆசாரமன்று, அறிவென்பதைப் பின்னரே உணர்ந்தேன். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் நிறுத்தப்பட்டது 2002ஆம் ஆண்டிலேயே. அதுவரை மோட்டார் வண்டிகள் கக்கிய ஈயம் வீதியோர மண்ணிலே படிந்தது. இலைதழை மக்குவதுபோல் ஈயம் மக்கி மறைவதில்லை. தூசியாய் எழுந்து கீரையிற் படியும். கழிவு கலந்த நிலத்திலுள்ள கட்மியம் போன்ற உலோகங்களோ வேர்வழியே இலைக்கு ஏறுவன. தூசியைக் கழுவலாம், வேர் உறிஞ்சியதைக் கழுவ இயலுமா? கால்வாய்க் கரையிலே செழித்து நிற்கும் கங்குன் கீரையின் பசுமையைக் கண்டு மயங்குதலும் ஆகாது. வல்லாரையை நாம் பச்சையாக உண்பவர்கள். ஆதலால் கழிவுநீரிலுள்ள நோய்க்கிருமிகளுக்கும் அஞ்சவேண்டும்.

இலையை அறிதல் பாதி அறிவே. அது நின்ற நிலத்தை அறிதல் மறுபாதி. முதற்பாதியை நான் நூல்களிலே கற்றேன். மறுபாதி அம்மாவிடம் இருந்தது.

ஆனால் அன்று அவர் நான் கொணர்ந்ததை முழுவதும் எறிந்துவிடவில்லை. வேரோடு கூடிய ஒரு கணுவை மட்டும் கிள்ளி எடுத்து, பழைய மண்சட்டி ஒன்றைத் தேடினார். மண்ணுக்கு எங்கே போவது? கீழ்வீட்டுச் சிங்கள அம்மையார் படிக்கட்டிலே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. வடக்கிலிருந்து வந்தவர்களை ஐயத்தோடு நோக்கிய நாட்கள் அவை. அவர் அம்மாவின் கையிலிருந்த கணுவைப் பார்த்து, "கொட்டுகொல" என்றார். அம்மா தலையசைத்தார். சற்று நேரத்தில் அவ்வம்மையார் தம் வீட்டுப் பின்புறத்துக் கறுத்த மண்ணை ஒரு வாளியிலே கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்.

பழைய இலைகள் பழுத்து உதிர்ந்தன. சில வாரங்களிலே புதிய மண்ணில் புதிய இலைகள் எழுந்தன. முதலில் ஆய்ந்த கைப்பிடியில் பாதியை அம்மா கீழ்வீட்டுக்கு அனுப்பினார். மறுபாதியே எங்கள் சம்பலாயிற்று. அன்று அவர் வயிறார உண்டார்.

அம்மா இன்று இல்லை. சட்டியும் இருமுறை மாறிவிட்டது. அக்கணுவின் வழிவந்த வல்லாரை எங்கள் மாடியிலே இன்றும் படர்கின்றது. வீதியிலே மூலிகை கண்டால் இப்பொழுதும் நின்று பெயர் சொல்லி மகிழ்கிறேன். பறிக்கக் கை நீளுமுன் நிலத்தைப் பார்க்கிறேன்.