மே மாதத்தில் கல்லூரி பார்க்கப் போகிறவர்கள்

2018-க்கு முன்னால், பொறியியல் படிக்க நினைத்த பிள்ளைகளின் குடும்பங்கள் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: கிண்டி, அண்ணா பல்கலைக்கழகம். நாகர்கோவில்காரரும் ஓசூர்க்காரரும் ராத்திரி பஸ் பிடித்து வந்து இறங்குவார்கள். வாசலில் கல்லூரிகளின் ஆட்கள் நோட்டீஸ் நீட்டுவார்கள். உள்ளே திரையில் காலியிடங்கள் குறைந்துகொண்டே வரும். அதைப் பார்த்தபடி சில நிமிடங்களில் நான்கு வருடத்துக்கான முடிவை எடுத்துவிட வேண்டும். எடுத்த கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பலர் ஊருக்குத் திரும்பித்தான் விசாரித்தார்கள்.

2018-இல் இந்தக் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டிலிருந்து அதைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. சென்னைப் பயணம் நின்று, வேறொரு பயணம் பிடித்துக்கொண்டது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று கட்-ஆஃப் போட்டுப் பார்த்து, வாடகைக்குக் கார் பிடித்து, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குகிறார்கள். மே மாதத்தில் நான்குவழிச் சாலை ஓரத்து ஓட்டல்களில் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

அக்கா மகளுக்காக நானும் அப்படி ஒரு காரில் போனேன். திருநெல்வேலியில் தொடங்கி கோயம்புத்தூர் வரை. அக்கா, அத்தான், மகள், பத்தாவது எழுதியிருந்த மகன், இந்தப் படிப்பை ஒருகாலத்தில் படித்தவள் என்ற தகுதியில் சித்தியாகிய நான். ஓட்டிய அண்ணாச்சிக்கு இந்த ரூட் அத்துப்படி. எந்தக் கல்லூரியில் பார்க்கிங்குக்கு நிழல் இருக்கும் என்பது வரை தெரிந்து வைத்திருந்தார்.

இந்தச் சாலையில் போனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்வியின் வரலாற்றையும் பார்த்துக்கொண்டே போகலாம். திருநெல்வேலியில் இருப்பது 1981-இல் வந்த அரசுக் கல்லூரி. கோவில்பட்டியில் நெடுஞ்சாலையை ஒட்டியே நேஷனல் இன்ஜினியரிங் காலேஜ், சிவகாசிப் பக்கம் மெப்கோ ஷ்லெங்க். இரண்டும் 1984-இல் தொடங்கியவை. கோவையின் குமரகுருவும் பெருந்துறையின் கொங்குவும் அதே ஆண்டுதான். சுயநிதிக் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு கதவைத் திறந்த நேரம் அது. ஊர்ப்பணம் எங்கே இருந்ததோ அங்கே கல்லூரி முளைத்தது. மெப்கோ என்பதே உலோகப் பொடி தயாரித்த நிறுவனத்தின் பெயர். மதுரை திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் கல்லூரி 1957, கோவையில் பி.எஸ்.ஜி. டெக் 1951, அரசின் ஜி.சி.டி. 1945 என்று மேற்கே போகப் போக வயது கூடுகிறது. அத்தான் எந்த வாசலில் இறங்கினாலும் முதலில் கேட்டது “பழைய காலேஜா?” என்றுதான். மோசமான கேள்வி இல்லை. பழைய கல்லூரியில் படித்து முடித்தவர்கள் பல கம்பெனிகளில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு.

கல்லூரிகளைப் பெயர் சொல்லாமல் எண்ணாலேயே சொல்லப் பழகிவிட்டாள் மகள். கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. கிண்டி 1, பி.எஸ்.ஜி. 2006, தியாகராசர் 5008. அக்காவுக்குத்தான் குழப்பம். “பேரச் சொல்லு பிள்ள, பஸ் நம்பர் மாதிரி சொல்லாத” என்றாள்.

வழியில் பார்த்த தனியார் கல்லூரிகள் எல்லாவற்றிலும் அட்மிஷன் அலுவலகம் ஒரே அச்சுதான். ஏசி அறை, குளிர்ந்த தண்ணீர் பாட்டில், சுவர் முழுக்க வேலை கிடைத்த பிள்ளைகளின் புகைப்படம். ஒரு இடத்தில் அந்தச் சுவரை எங்கள் பையன்தான் கூர்ந்து பார்த்தான். “சித்தி, இந்த அண்ணன் மூணு எடத்துல இருக்கார்.” ஒரே மாணவருக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கொடுத்திருந்தால் மூன்று படம், கணக்கிலும் மூன்று. தொண்ணூற்று ஐந்து சதவீதம் பிளேஸ்மென்ட் என்று சொன்னால், எத்தனை பேரில் என்று கேட்க வேண்டும். அரியர் வைத்தவர்களைக் கழித்துவிட்டு, பெயர் பதிந்தவர்களை மட்டும் வகுக்கும் எண்ணாக எடுத்துக்கொண்டால் எந்தக் கல்லூரியும் தொண்ணூறைத் தொட்டுவிடும். அதிகபட்சச் சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கெடுக்கும் கல்லூரிகள் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு என்று தகவல் கொடுத்தாக வேண்டும். அது அவர்கள் இணையதளத்திலேயே ஒரு மூலையில் இருக்கும். காரில் போகும்போதே போனில் பார்த்துவிடலாம். எங்கள் பட்டியலில் அப்படியே இரண்டு கல்லூரிகள் கழிந்தன, இறங்கிப் பார்க்காமலே.

ஆனால் ஆசிரியர் விஷயத்தைப் போனில் பார்த்து முடிக்க முடியாது. ஒரே நபர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. இணையதளத்தில் போட்டோவோடு இருக்கும் பேராசிரியர் வகுப்பறையில் இருக்கிறாரா என்பதை நேரில்தான் தெரிந்துகொள்ள முடியும். அங்கேதான் மே மாதம் காலை வாருகிறது. நாங்கள் போன பல இடங்களில் செமஸ்டர் தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆசிரியர்களிலும் பாதிப்பேர் விடுமுறையில். எஞ்சியது கட்டடம். கட்டடத்தைக் குடும்பங்கள் மனநிறைவோடு பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. கண்ணாடி முகப்பு, நீச்சல்குளம், ஊர் ஊருக்குப் போகும் மஞ்சள் பஸ்களின் வரிசை.

கோவைக்குப் போகும் வழியில் ஒரு கல்லூரியில் மட்டும் மெக்கானிக்கல் லேப் திறந்திருந்தது. கூட்டிக்கொண்டு போன அட்மிஷன் ஊழியர் மிஷின்களின் விலையைச் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் ஓரத்தில் துடைத்துக்கொண்டிருந்த லேப் டெக்னீஷியனிடம் போய், “அண்ணா, ஒரு பேட்ச்ல எத்தன பேர் ஒரு லேத்ல நிப்பாங்க?” என்று கேட்டாள். அவர் ஊழியரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “போன வருஷம் ஆறு பேரும்மா. ரெண்டு லேத் ரிப்பேர்” என்றார். அந்த நாளில் கல்லூரிக்குள் எங்களுக்குக் கிடைத்த உருப்படியான தகவல் அது ஒன்றுதான். கேட் எதிரே டீக்கடையில் அத்தான் விசாரித்ததில் விடுதி மெஸ் பற்றி அடுத்த தகவல் கிடைத்தது. பிள்ளைகள் வாங்கும் பிரியாணிப் பொட்டலங்களின் எண்ணிக்கையை வைத்தே அங்கே எந்தக் கிழமை சாப்பாடு மோசம் என்று சொல்லிவிட்டார் கடைக்காரர்.

பெண் பிள்ளையோடு போனால் கேள்விகள் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டும், போன் வைத்துக்கொள்ளலாமா என்பதை அக்கா எல்லா இடத்திலும் கேட்டாள். மாலை ஐந்தரைக்கு அறைக்குள் போய்விட வேண்டும் என்று ஒரு வார்டன் பெருமையாகச் சொன்னபோது அக்கா தலையாட்டினாள். மகள், “அப்போ லைப்ரரி எட்டு மணி வரைக்கும்னு போட்டிருக்கீங்களே, அது யாருக்கு மேடம்?” என்றாள். பதில் வரவில்லை. பிள்ளையைப் பேசவிட்டால் இப்படி நல்ல கேள்வி வருகிறது. ஆனால் நான் பார்த்த குடும்பங்களில் அப்பா பேசுகிறார், அம்மா பணம் பற்றிக் கேட்கிறார், படிக்கப்போகும் பிள்ளை போனைப் பார்த்தபடி நிற்கிறது.

அவளுக்கு மெக்கானிக்கல் பிடிக்கும். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ். இப்போது அதிலும் ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று கிளைகள். லேப்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவள் தன் ஆசையை விடவில்லை, கல்லூரிகளின் வரிசையைத்தான் மாற்றினாள். சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம். மேலே அவள் மெக்கானிக்கல், கீழே அத்தானின் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சமரசம் ஆனது. பளபளப்பான கண்ணாடிக் கட்டடம் கடைசிக்குப் போனது. அங்கே போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்ஆப்பில் போட்ட அக்காவுக்கு அதில் இன்னும் வருத்தம்.

பையனுக்கு இந்த அலைச்சல் வேண்டாம், பிளஸ் ஒன் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே கூட்டிப் போய்விடுங்கள் என்று அத்தானிடம் சொன்னேன். அப்போது கல்லூரி நடக்கும், வகுப்பு நடக்கும், கேன்டீனில் சீனியர்கள் இருப்பார்கள், மார்க் பயமும் இருக்காது.

“நீ சொல்றது சரிதாம்மா. ஆனா ஏப்ரல்ல அவனுக்கு ஸ்கூல்ல பிளஸ் டூ பாடம் ஆரம்பிச்சிருவாங்க. ஸ்பெஷல் கிளாஸ். லீவு தர மாட்டாங்க.”